வேலை தேடும் காலத்தில் தக்களியும் பின்னல் ஊசியும்: நீண்டநாள் பாவனை அனுபவம்

கொழும்பின் வெக்கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரு வருடத்துக்கு மேலாகப் பின்னலையும் கைநூற்பையும் விடாமல் செய்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வேலை போய் அடுத்த வேலை கிடைக்காமல் இருக்கிற ஒருவர், அதிகம் செலவழிக்காமல் வீட்டுக்குள் இருந்தே செய்யக்கூடிய கைவேலை என்று கேட்டால் இவை இரண்டையும்தான் முதலில் சொல்வேன். ஆனால் எந்த நூல், எந்த ஊசி, எந்த நேரத்தில் எது என்று பார்த்துச் செய்யவேண்டும். குளிரான நுவரெலியாவுக்குப் பொருந்துவது கொழும்பின் கடலோர வெள்ளவத்தைக்குப் பொருந்தாது.

நான் இருந்தது ஆடை ஏற்றுமதித் துறையில். ஓடர்கள் குறைந்தன, ஆட்களைக் குறைத்தார்கள், அதில் நானும் ஒருவன். காலையில் விண்ணப்பங்கள் அனுப்பி முடித்தால் மிச்ச நாள் முழுவதும் காத்திருப்புத்தான். ஆளைத் தின்பது அந்த நேரம். போனை எடுத்துப் பார்ப்பது, வைப்பது, திரும்பவும் எடுப்பது. கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் தாங்காது என்று வந்தபோது, எங்கள் மாடியிலேயே இருக்கும் ஒரு அன்ரி பின்னல் சொல்லித் தந்தார். கொன்வென்ட் பள்ளியில் படித்த காலத்தில் பழகியதாம். "இறுக்கக்கூடாது, தம்பி. கண் ஊசியிலை தானா வழுக்கவேணும்." கண் என்றால் ஊசியில் நிற்கும் நூல் வளையம். இன்றுவரை எனக்குக் கிடைத்த பின்னல் பாடங்களில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

ஊசி பற்றி முதலில். அன்ரி சொல்வது பழைய ஆங்கிலேயக் கணக்கு: 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீற்றர், 10ஆம் நம்பர் என்றால் 3.25 மில்லிமீற்றர். நம்பர் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். இப்போதைய பொதிகளில் மில்லிமீற்றர்தான் பெரிதாக இருக்கும், அதையே பார்த்து வாங்குங்கள். மூங்கில் ஊசி பார்க்க அழகு, பிடிக்கவும் இதம். ஆனால் கடற்காற்றுப் படுகிற வீட்டில், கை வியர்க்கிற மத்தியானத்தில், அக்ரிலிக் நூல் மூங்கிலில் ஒட்டிக்கொண்டு நகராது. அலுமினிய ஊசியில் அந்தக் கரைச்சல் இல்லை. அதற்கு வேறொரு குறை: வியர்வைக் கையோடு வெள்ளைப் பருத்தி பின்னினால் சிலவேளை மெல்லிய சாம்பல் கறை படியும். அதனால் வெள்ளை நூலுக்கு மூங்கிலும் மற்றதெல்லாவற்றுக்கும் அலுமினியமும் என்று பிரித்துவிட்டேன். ஊசிக்கும் நூலுக்கும் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போவேன். கெய்சர் வீதியிலும் அதையொட்டிய குறுக்குத் தெருக்களிலும் லேஸ், பட்டன், நூல் விற்கிற கடைகளில் நின்று கேட்டால் கிடைக்கும். நூல் பந்தை வாங்கும்போது சுற்றுத்தாளில் உள்ள சாய இலக்கத்தைப் பார்த்து, தேவையான எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தில் எடுங்கள். அடுத்த முறை போகும்போது அதே நிறம் கிடைத்தாலும் ஒரு பொட்டு வித்தியாசம் இருக்கும், அது பின்னிய பிறகுதான் கண்ணில் குத்தும்.

அக்ரிலிக்கா, கம்பளியா, பருத்தியா? கனடாவில் இருக்கும் மச்சாளின் பிள்ளைக்குத் தொப்பி பின்னினேன், அதற்கு அக்ரிலிக்தான் சரி. குழந்தை உடுப்பு மெஷினுக்குள் போய்வரும். சாதாரணக் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுழற்றினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிக் கட்டியாகிவிடும். அக்ரிலிக்கின் மேல் மட்டும் சூடான அயன் படக்கூடாது, இழை உருகித் தொய்ந்து போகும், பிறகு அது பழைய நிலைக்கு வராது. நமக்கென்று பின்னுவதாக இருந்தால் பருத்திதான். சமையலறைத் துணி, பை, மேசை விரிப்பு எல்லாம் இந்த ஊரில் தினமும் பாவனைக்கு வரும். பருத்தி நூலுக்குக் கம்பளிபோல நீட்சி இல்லை, மணிக்கட்டுக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கவேண்டும். அதைத் தெரிந்துகொண்டே எடுங்கள்.

அடுத்தது நூற்பு. நான் அதிகம் எழுத விரும்புவது இதைப்பற்றித்தான்.

தக்களி என்பது ஒரு மெல்லிய கம்பி, அடியில் ஒரு சிறு வட்டத் தகடு, நுனியில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். வலது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சுண்டிவிட்டு, இடது கையில் உள்ள பஞ்சுத் திரியை மெல்ல மேலே இழுத்தால் முறுக்கு ஏறி நூலாகும். தக்களி சுழல்வதற்கு அடியில் ஒரு குழிவான பாத்திரம் வேண்டும். பீங்கான் தட்டில் வைத்தால் கிறீச்சென்று சத்தம். உள்ளே நன்றாக வழித்து மினுக்கிய தேங்காய்ச் சிரட்டையில் வைத்தால் சத்தமே இல்லாமல் நின்று சுழலும். இதற்கென்று விற்கிற கிண்ணங்கள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கொழும்பின் ஈரக்காற்று கம்பளிக்கு எதிரி, பருத்தி நூற்புக்கு நண்பன். பருத்தி இழை ஈரமானால் வலுக் கூடும் தன்மை உடையது. அதனால்தான் நூற்பாலைகளில் வேண்டுமென்றே காற்றில் ஈரம் ஏற்றிவைப்பார்கள். மழைநாளில் என் நூல் அறுவது குறைவு. நேராகக் காற்றடிக்கும் பேனுக்குக் கீழே உட்கார்ந்தால் அடிக்கடி அறும், பஞ்சும் பறக்கும். நான் உட்கார்ந்து நூற்கிற இந்த வெள்ளவத்தையிலேயே ஒருகாலத்தில் இலங்கையின் பெரிய நூற்பு நெசவு ஆலை ஒன்று இயங்கியது. 1933இல் அங்கே நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒருவர். காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கொழும்பு, யாழ்ப்பாணம் என்று சுற்றியதும் கதருக்கு நிதி சேர்க்கத்தான். தக்களியைப் பார்த்து "இதென்ன இந்தியச் சாமான்" என்று கேட்கிறவர்களுக்கு இவற்றைச் சொல்வேன். நூற்பு இந்த ஊருக்கும் பழக்கமான வேலைதான்.

என்ன பஞ்சு? தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு சரிவராது. அந்த இழை வழவழப்பு, உள்ளே வெற்றுக் குழாய், ஒன்றையொன்று பிடிக்காது. பருத்தி இழைக்கு இயற்கையிலேயே சிறு முறுக்கு உண்டு, அந்த முறுக்குத்தான் பிடியைத் தருவது. பாமசியில் கிடைக்கும் பஞ்சு பருத்திதான், ஆனால் மெழுகு நீக்கி வெளுத்தது, கையில் வரட்சியாக இருக்கும், சின்னச் சின்ன முடிச்சுகளும் உண்டு. கை பழகிய பிறகு அதிலும் நூற்கலாம், தொடக்கத்தில் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவுக்காரரிடம் சொல்லிவிட்டால் கதர்க் கடைகளில் பஞ்சுத் திரி வாங்கி வருவார்கள், பாரமே இல்லை. யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டு வளவில் நிற்கிற ஒரு பருத்திச் செடியிலிருந்தும் எனக்குக் கொஞ்சம் வரும். கொட்டையை எடுக்காமலே, கொட்டையைச் சுற்றியுள்ள பஞ்சை விரலால் கொஞ்சம் பிரித்துவிட்டு, அதிலிருந்தே நேராக நூற்கலாம். இழை ஒவ்வொன்றாகக் கொட்டையை விட்டுக் கழன்று வருவது விரலுக்குத் தெரியும். கடைசியில் கையில் நிற்பது மொட்டைக் கொட்டை மட்டும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒற்றை இழையாக நூற்ற நூலை அப்படியே எடுத்து, 4 மில்லிமீற்றர் ஊசியில் ஒரு சதுரம் பின்னினேன். ஒரு வரி நேர்ப்பின்னல், ஒரு வரி மறுபின்னல், முழுக்க ஒழுங்காகத்தான் போனது. கழற்றி மேசையில் வைத்தால் சதுரம் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. பிடித்து நேராக்கினாலும் விட்டவுடன் சரிகிறது. கண்டதும் விளங்கிவிட்டது. ரீசேர்ட் கழுவிய பிறகு பக்கத்துத் தையல் முன்னுக்குத் திரும்பி வருமே, அதே சங்கதி. ரீசேர்ட் துணியும் பின்னல் துணிதான், மெஷின் பின்னியது. நூலில் மிஞ்சியிருக்கும் முறுக்கு தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது, கண் ஒவ்வொன்றும் அதனுடன் சேர்ந்து திரும்புகிறது. வாங்குனர்கள் 5 வீதத்துக்கு மேல் சரிந்தால் ஏற்கமாட்டோம் என்று அனுப்பும் மின்னஞ்சல்களுக்கு எத்தனையோ தடவை பதில் எழுதியவன் நான். அந்த 5 வீதம் எங்கிருந்து வருகிறது என்பதை என் விரலால் அறிந்தது அந்தச் சதுரத்தில்தான்.

தீர்வு இரட்டைப் புரி. இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் தக்களியைச் சுழற்றவேண்டும். ஒரு முறுக்கு மற்றதைச் சமன்செய்யும். சரியாக வந்ததா என்று பார்க்க, நூலில் ஒரு முழம் எடுத்து இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் விரிந்து தொங்கினால் சரி. அப்புறம் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கொஞ்சம் சவர்க்காரம் போட்ட தண்ணீரில் கொதிக்கவைக்கவேண்டும். வெளுக்காத பருத்தியில் உள்ள மெழுகெல்லாம் இறங்கி, தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். காய்ந்த பிறகு பின்னினால் சதுரம் சதுரமாகவே நிற்கும்.

பெட்டி ராட்டை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒரு நண்பரின் ராட்டையைச் சில மாதம் வைத்திருந்தேன். தக்களியைவிடக் கெதியாக நூல் வரும், மூடினால் ஒரு தடித்த புத்தகத்தின் அளவுதான். ஆனால் நிலத்தில் உட்காரவேண்டும், காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் கயிற்றின் இறுக்கத்தை அடிக்கடி பார்க்கவேண்டும், ஒரு கை சக்கரத்தோடே இருக்கும். இழுக்கிற கை பழகாமல் ராட்டைக்குப் போனால் சக்கரத்தின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. தக்களியில் நூல் சீராக வந்த பிறகு வாங்குங்கள், அதுவரை அந்தக் காசு கையில் இருக்கட்டும். வேலை இல்லாத காலத்தில் இது சின்ன விசயம் அல்ல.

காசு என்றதும் அடுத்த கேள்வி வரும்: விற்கலாமா? துணிக் கணக்குத் தெரிந்தவன் என்பதால் பதில் எனக்கு உடனே தெரிந்தது. ஒரு இறாத்தல் (ஏறத்தாழ 454 கிராம்) பருத்தியில் 840 யார் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். சாதாரண ரீசேர்ட் நூல் 30ஆம் கவுண்ட். அதாவது ஒரு இறாத்தலில் 25,200 யார், ஏறத்தாழ 23 கிலோமீற்றர். 150 கிராம் ரீசேர்ட் ஒன்றுக்குள் ஏழரைக் கிலோமீற்றர் நூல் இருக்கிறது, கிட்டத்தட்ட வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் தூரம். அதை மெஷின் நூற்பதால்தான் அந்த விலைக்குத் தரமுடிகிறது. கையால் நூற்றுக் கையால் பின்னியதற்கு மணிக்கணக்கில் கூலி போட்டால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். வருமானத்துக்காகத் தொடங்குகிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கேட்டு வந்த ஒரு சிலருக்குப் பின்னிக் கொடுத்திருக்கிறேன், நூலின் காசு மட்டும் வாங்கினேன்.

எது எந்த நேரத்துக்கு என்பதும் முக்கியம். தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருக்கும் நேரத்துக்குத் தக்களி. எந்த இடத்திலும் கீழே வைத்துவிட்டு எழும்பலாம், திரும்ப வந்து சுண்டினால் விட்ட இடத்திலிருந்து போகும். பின்னலில் வரியின் நடுவில் விட்டால் கண் கழன்றுவிடுமோ என்ற பயம் இருக்கும், கணக்கும் மறந்துபோகும். மகளை ரியூஷனில் விட்டுவிட்டு வெளியே நிற்கும் நேரத்துக்குப் பின்னல்தான் நல்லது. அங்கே நிற்கிற மற்ற அப்பாமார் முதலில் பார்த்தார்கள், பிறகு கேட்டார்கள், இப்போது ஒருவர் தன் மனைவிக்கு ஊசி வாங்கவேண்டும் என்று ஊசியின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் இரவு புதிய வடிவம் எதையும் தொடங்கமாட்டேன். கை தானாக ஓடக்கூடிய நேர்ப்பின்னல் மட்டும். தூக்கம் வரும்.

பராமரிப்பு: தக்களியின் இரும்புக் கம்பி கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும். எண்ணெய் பூசினால் நூலில் ஏறும், ஆகவே உலர்ந்த துணியால் துடைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். துரு தட்டினால் மெல்லிய சாண்ட் பேப்பர் போதும். கம்பளி நூலைப் பூச்சி தின்னும், காற்றுப் புகாத பையில் வைக்கவேண்டும். பருத்தியை அந்தப் பூச்சி தொடாது.

உடம்பு விசயத்தில் ஒரு எச்சரிக்கை. பெருவிரலின் அடியில் வலி வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நேரம் நிறைய இருப்பதால் மணிக்கணக்கில் செய்யத் தோன்றும், வேலையில்லாதவர்களுக்கு இதில் ஆபத்துக் கூட. நான் அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நடக்கிறேன். தோள் உயர்ந்து இறுகி இருக்கிறதா என்று அன்ரி இப்போதும் வந்து பார்ப்பார்.

தொடங்குகிறவர்கள் 4 மில்லிமீற்றர் அலுமினிய ஊசி ஒரு சோடியும், வெளிர் நிறத்தில் நடுத்தரத் தடிப்புள்ள பருத்தி நூலும் எடுங்கள். கறுப்பு நூலில் கண் தெரியாது. 30 கண் போட்டு ஒரு சமையலறைத் துணி பின்னினால், அது முடிவதற்குள் கை பழகிவிடும். தக்களியைப் பிறகு வாங்கலாம். சிரட்டையை மட்டும் இன்றைக்கே எடுத்துவைத்துவிடுங்கள், மினுக்குவதற்கு நாள் எடுக்கும்.