வேரே இல்லாத போன்சாய்க்கு 4,500 ரூபாய்

இன்று காலை தொட்டியிலிருந்து அந்தக் கட்டையை உருவியதிலிருந்து கை நடுங்குகிறது. 4,500 ரூபாய் போச்சு.

செல்போனில் செடி விற்கும் குழு ஒன்றில்தான் அந்தக் காகிதப்பூ போன்சாயைப் பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனில் அடிமரம், நுனியெல்லாம் ரோஸ் நிறப் பூ. "பன்னிரண்டு வருஷ மரம்க்கா, நானே குச்சி நட்டு வளர்த்தது" என்றார் விற்றவர். நானும் குச்சி நட்டு வளர்ப்பவள்தான். பென்சில் பருமன் குச்சி அந்தப் பருமனுக்கு வர எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். அதனால் விலை நியாயமாகவே பட்டது. முழுப்பணத்தையும் முன்னாடியே கேட்டபோது தயங்கினேன். "உங்க மாடியில எத்தனை மணி நேரம் வெயில் படும்க்கா? ஆறு மணி நேரம் இல்லன்னா நான் தரவே மாட்டேன்" என்றார். செடி மேல் இத்தனை பாசம் உள்ளவர் ஏமாற்றுவாரா? அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன்.

வந்ததில் பூ இல்லை. கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, அனுப்பினாராம். துளிர் வந்துகொண்டிருந்ததால் நம்பினேன். ஐந்தாவது வாரம் துளிரெல்லாம் ஒரே நாளில் தொங்கிப்போயின. இழுத்தேன், விறகு மாதிரி வந்தது. அடியில் ரம்பத்தால் அறுத்த வெட்டு அப்படியே இருக்கிறது. மயிரிழை வேர்கூட இல்லை. மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டிக் கட்டையை நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கோ வெட்டிப்போட்ட முதிர்ந்த கட்டை அது. உள்ளே இருக்கும் சத்தை வைத்தே காகிதப்பூ துளிர்த்துவிடும், வேர் பிடிப்பது அப்புறம்தான். இது தெரிந்த நானே பார்க்காமல் விட்டேன்.

கேட்டால், "தண்ணி அதிகமா ஊத்திருப்பீங்க." படம் அனுப்பினால், "கூரியர்ல அடிபட்டிருக்கும்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் மேடம்." அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம். மறுநாள் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. முன்பணம் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் அடிமரத்தை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியின் அடித்துளையைக் காட்டச் சொல்லுங்கள். கல் ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

என் 4,500 ரூபாயைத் தின்ற அதே படம் இன்று மதியம் வேறொரு குழுவில் வந்திருக்கிறது. இப்போது விலை 5,200.