பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? டெல்டா நெல் அறுவடைக்கு எது கட்டுப்படியாகும்

காவிரி டெல்டாவில் கதிர் முற்றியதும் முதலில் விசாரிக்கப்படுவது மணி வாடகைதான். ரப்பர் பெல்ட்டில் ஊரும் அறுவடை இயந்திரமான பெல்ட் வண்டி மணிக்கு எவ்வளவு, சக்கரத்தில் ஓடும் டயர் வண்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, எது குறைவோ அதைப் பேசி முடிக்கிறவர்கள் அதிகம். அண்மை ஆண்டுகளில் பெல்ட் வண்டிக்கு மணிக்கு 2,500 ரூபாயை ஒட்டியும், டயர் வண்டிக்கு 1,800 ரூபாயை ஒட்டியும் வாடகை நின்றிருக்கிறது. இந்த எழுநூறு ரூபாய் வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பல வயல்களில் நஷ்டத்தில் முடிகிறது என்பதே என் கருத்து. மணி வாடகையை விட்டுவிட்டு, ஏக்கருக்கு என்ன செலவு, வயலில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முன்னால் சுழலும் தட்டி பயிரை வளைத்துக் கொடுக்கிறது, கத்தி அறுக்கிறது, திருகு தண்டு அதை நடுவுக்குத் தள்ளுகிறது, உருளை கதிரை அடிக்கிறது, சல்லடையும் காற்றாடியும் நெல்லைப் பதரிலிருந்து பிரிக்கின்றன. வேறுபாடு பிறந்த இடத்தில் இருக்கிறது. டயர் வண்டியின் வடிவம் பஞ்சாபின் காய்ந்த கோதுமை வயல்களுக்காக வளர்ந்தது. கத்தியின் அகலம் பெரும்பாலும் 14 அடி, நெல் தொட்டி பெரியது, எடையும் பல டன். பெல்ட் வண்டியோ ஜப்பான், தாய்லாந்து போன்ற சேற்று நெல் நாடுகளில் பக்குவப்பட்டது. அகலம் ஏறத்தாழ 2 மீட்டர், எடை சுமார் 3 டன். உருளையிலும் வேறுபாடு உண்டு. பெல்ட் வண்டியில் பயிர் உருளையின் நீளவாக்கில் சுற்றிச் சுற்றி நகர்ந்தபடியே அடிபடுகிறது. டயர் வண்டிகள் பலவற்றில் பயிர் உருளைக்குக் குறுக்கே ஒரு முறை அடிபட்டு, பிறகு ஆடும் தட்டுகளில் உதறப்படுகிறது. ஈரமான தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்லை விடுவிப்பதில் முதல் முறைக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது.

சேற்றில் நிற்கும் சங்கதிக்கு வருவோம். 45 சென்டிமீட்டர் அகலமுள்ள ரப்பர் பெல்ட் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்கு மேல் தரையில் படிகிறது. மூன்று டன் எடையை அந்தப் பரப்பில் பகிர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்குள்தான் வருகிறது. இரு காலையும் ஊன்றி நிற்கும் மனிதனின் பாதம் தரும் அழுத்தமும் ஏறக்குறைய அதுதான். நெல் நிரம்பிய டயர் வண்டியின் சக்கரங்கள் இதைப் போலப் பல மடங்கு அழுத்துகின்றன. நீரை வடித்த பிறகு வயலில் இறங்கி, குதிகாலை ஊன்றி நின்று பாருங்கள். தடம் மட்டும் விழுந்தால் எந்த வண்டியும் இறங்கலாம். கணுக்கால் வரை புதைந்தால் பெல்ட் வண்டிதான். கெண்டைக்கால் வரை போனால் பெல்ட் வண்டியும் சிக்கும், இன்னும் நான்கு நாள் பொறுப்பதே நல்லது.

குறுவைக்கு இதில் பேச்சே இல்லை. அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது, வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. பயிர் சாய்ந்திருக்கும், வயல் ஈரமாக இருக்கும், பக்கத்து வயலிலும் தண்ணீர் நிற்கும். பெல்ட் வண்டிக்கு ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாய்ந்த பயிரைச் சாய்ந்த திசைக்கு எதிராக ஒரு பக்கமாகவே அறுக்கச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது அறுக்காமல் சும்மா வருவதால் நேரம் கூடும், ஆனால் கத்திக்குக் கீழே கதிர் தங்காது. மழைக்குள் அறுத்த நெல்லுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நேரடி கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரப்பதம்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை சம்பாவையே சாய்த்தபோது இந்த வரம்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. அதுபோன்ற ஆண்டில் சம்பாவுக்கும் குறுவைக் கணக்கே பொருந்தும்.

உண்மையான போட்டி, தை மாசியில் காய்ந்து நிற்கும் சம்பா, தாளடி வயலில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்கு காய்ந்த, பெரிய, ஒரே சமமான வயலில் டயர் வண்டி ஏக்கரை முக்கால் மணியில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 1,350 ரூபாய் ஆகிறது. பெல்ட் வண்டி ஒரு மணி எடுத்தால் 2,500. ஏக்கருக்கு 1,150 ரூபாய் மிச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் நம் வயல்கள் எல்லாம் அப்படியா இருக்கின்றன? மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்ற கணக்கில், ஒரு மா, ஒன்றரை மா என்று துண்டுபட்டுக் கிடக்கின்றன. 14 அடி கத்தி ஒவ்வொரு மூலையிலும் பின்வாங்கித் திரும்ப வேண்டும், வரப்பு தாண்ட வேண்டும். அங்கே ஏக்கருக்கு ஒன்றேகால் மணி ஆகிவிட்டால் டயர் வண்டிக்கு 2,250 ரூபாய். மிச்சம் 250 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. வண்டி வருமுன் நான்கு மூலைகளையும் அரிவாளால் அறுத்து வைத்தால் எந்த வண்டிக்கும் நேரம் குறையும், இதைச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருவது வருத்தமாக இருக்கிறது.

வண்டி போன பின்பு

சம்பா தாளில் உளுந்தோ பயறோ விதைக்கிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். நிற்கும் நெல்லுக்குள், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே விதையைத் தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய முறை. ஆள் வைத்து அறுத்த காலத்தில் வாரம் பத்து நாள் முன்பே தெளிக்கலாம், முளைத்த செடிக்கு இடையில் கால் வைத்து அறுத்தார்கள். வண்டி அறுவடையில் அது நடக்காது.

டயர் வண்டி வயலின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கின் மேல்தான் ஏறுகிறது, ஆனால் ஆழமாகப் பள்ளம் பறிக்கிறது. பெல்ட் வண்டி அகலம் குறைந்தது என்பதால் அடுத்தடுத்து ஓடி, கிட்டத்தட்ட பாதி வயலின் மேல் ஏறிவிடுகிறது, ஆனால் மேலோட்டமாக. இதனால் பெல்ட் வண்டி உளுந்துக்குத் தீங்கே செய்யாது என்று சொல்ல முடியாது. முளைத்த செடி பெல்ட்டுக்கு அடியிலும் நசுங்கும். விதை முளைக்குமுன், அறுவடைக்கு நெருக்கி ஓரிரு நாளில் தெளித்தால் பெல்ட் அதை மண்ணில் அழுத்திவிடுகிறது, முளைப்புக்கு அது உதவியாகவே அமைகிறது. டயர் பள்ளத்தில் விழுந்த விதை அப்படியில்லை. பள்ளத்தில் கசிவு நீர் தங்கினால் அழுகுகிறது, காய்ந்தால் மண் பாளமாக வெடித்து வேரை அறுக்கிறது. வண்டி திரும்பும் தலைமாட்டில் சேதம் இன்னும் மோசம்.

ஏக்கருக்கு மூன்று குவிண்டால் உளுந்து எடுக்கும் வயலில் பத்தில் ஒரு பங்கு போனால் 30 கிலோ. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். அந்தக் கணக்கில் 2,220 ரூபாய் போகிறது. சிறந்த வயலில் டயர் வண்டி மிச்சப்படுத்திக் கொடுத்த 1,150 ரூபாயை இது விழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது. ஆகவே உளுந்து தெளித்த வயலில் பெல்ட் வண்டியையே சொல்கிறேன். சம்பாவுக்குப் பின் கோடை உழவு போட்டுத் தரிசாக விடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. வயல் இறுகிக் காய்ந்திருந்தால் டயர் வண்டி தாராளமாக இறங்கட்டும்.

வைக்கோலைப் பொறுத்தவரை இரண்டு வண்டியும் நீளமான, முழு வைக்கோலைத் தருவதில்லை. எவ்வளவு கீழே அறுக்கச் சொல்கிறீர்கள் என்பதில்தான் அளவு இருக்கிறது. சேற்றுப் பள்ளத்தில் மிதிபட்ட வைக்கோலைக் கட்டும் இயந்திரம் எடுக்காது, எடுத்தாலும் மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும்.

நெல் சிந்துவது வண்டி வகையைவிட ஓட்டுநரின் கையில் இருக்கிறது. இதை அளக்க ஒரு அடிக்கு ஒரு அடி கம்பிச் சட்டம் போதும். அறுக்காத பயிருக்குள் சட்டத்தை வைத்து, தானாக உதிர்ந்த மணிகளை எண்ணுங்கள். பிறகு வண்டி போன தடத்தில், வைக்கோலை விலக்கிவிட்டு, மூன்று இடத்தில் எண்ணி சராசரி எடுத்து, முதல் எண்ணிக்கையைக் கழியுங்கள். சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகத்தில் சதுர அடிக்குப் பத்து மணி என்றால் ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ நெல் மண்ணில் கிடக்கிறது. முப்பது மணி இருந்தால் அரை மூட்டைக்கு அருகில் போய்விட்டது. உடனே வண்டியை நிறுத்தி வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். சிந்திய மணி நிறைமணியாக இருந்தால் காற்றாடி அதிகமாக வீசுகிறது என்று பொருள். தாளோடு ஒட்டிய மணியாக இருந்தால் உருளை சரியாக அடிக்கவில்லை.

வாடகை மணிக்கணக்கு என்பதால் வண்டி இறங்குமுன், இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரின் எண்ணைக் குறித்து வையுங்கள். நெல் கொட்ட டிராக்டர் டிப்பர் வராமல் வண்டி இன்ஜின் ஓடியபடி காத்து நிற்கும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். பெல்ட் வண்டியின் தொட்டி சிறியது, அடிக்கடி கொட்ட வேண்டியிருக்கும், டிப்பர் அதற்கு வெகு அருகில் நிற்பது அவசியம். பெல்ட் வண்டி தார்ச்சாலையில் ஓடினால் ரப்பர் தேய்ந்துவிடும், லாரியில்தான் வரும். அந்த ஏற்றி இறக்கும் கூலி யாருடையது என்பதை முன்பே பேசிவிடுவது நல்லது. டயர் வண்டி தானாக வந்துவிடும், ஆனால் குறுகிய மதகுப் பாலத்தில் நின்றுவிடும்.

ஒரு மா வைத்திருப்பவர் தனியாகக் கேட்டால் எந்த வண்டியும் சீக்கிரம் கிடைப்பதில்லை. வாய்க்கால் ஓரமாக ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் முற்றும் ரகத்தை நட்டு, ஒரே நாளில் நீரை வடித்து, ஒன்றாக வண்டி பேசினால் வாடகையிலும் கை ஓங்கும், ஏற்றி இறக்கும் கூலியும் பகிர்ந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகளையும் உழவன் செயலி வழியே பதிவு செய்து கேட்கலாம். தனியார் வாடகையைவிட அது குறைவு, ஆனால் வண்டிகள் கொஞ்சம் என்பதால் கதிர் பழுத்த பின் கேட்டால் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். பூ வந்த வாரத்திலேயே பதிந்துவிடுங்கள்.