காலையில் எதைப் படிப்பது? வாட்ஸ்அப், நாட்காட்டி, குறள், பாரதி: ஓர் அலசல்

மொரீஷியஸில் தமிழ் எழுத்து ரூபாய் நோட்டில் இருக்கிறது, கோயில் வாசலில் இருக்கிறது, பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. வீட்டில் பேசுவதோ பெரும்பாலும் கிரியோல். அதனால் தினமும் தமிழில் ரெண்டு வரி படித்து மனத்தைத் தெம்பாக வைத்துக்கொள்ள நினைப்பவர், நம்மால் எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிவது எது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கையில் முதலில் வந்து விழுவது வாட்ஸ்அப். மதுரையில் அத்தை ஆறு மணிக்கு அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' நமக்கு நாலரைக்கே வந்துவிடும். ரோஜாப்பூ, சூரிய உதயம், கீழே யாரோ ஒரு பெரியவர் சொன்னதாக ஒரு வரி. அவர் சொன்னாரா என்று கேட்கவே கூடாது. அத்தை நலமாக எழுந்துவிட்டார் என்று தெரிகிறதே, அந்த மட்டில் சந்தோஷம். மற்றபடி, வேலை போனவருக்கும் பரீட்சையில் தேறியவருக்கும் ஒரே 'எல்லாம் நன்மைக்கே' என்றால் யாருக்குத்தான் ஒட்டும்?

ஊரிலிருந்து வருபவர்கள் பெட்டியில் சுருட்டிக் கொண்டுவரும் தினசரி நாட்காட்டி ஒரு விதத்தில் மேல். தாளைக் கிழித்தே ஆக வேண்டும் என்பதால் பழக்கம் விட்டுப்போகாது. ஆனால் அடியில் பொடி எழுத்தில் 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்று இருக்கும். அதற்கு மேலேயே ராசிபலன் கட்டத்தில் நம் ராசிக்கு நேராக 'பயம்' என்று ஒற்றை வார்த்தை. கண் எதில் போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திதி, நட்சத்திர நேரமும் இந்தியக் கணக்கு. அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

குறளுக்கு வருவோம். நம்மில் பலர் ஜனவரி முதல் தேதி 'அகர முதல' என்று ஆரம்பித்து, நாளுக்கு ஒன்றாக வரிசையாகப் போவார்கள். 1330 நாள் என்றால் மூன்று வருடம் ஏழு மாதத்துக்கு மேல். நம்பிக்கைக்காகப் படிக்கிறவருக்கு இந்த வரிசை சரிவராது என்பது என் எண்ணம். 371ஆம் நாள் 'ஊழ்' அதிகாரம் தொடங்கும். 380ஆம் நாள் 'ஊழிற் பெருவலி யாவுள', விதியைவிட வலியது எது என்று வள்ளுவர் கேட்பார். 'ஊழையும் உப்பக்கம் காண்பர்', சோராமல் முயல்கிறவர் அந்த விதியையே புறங்காண்பார் என்று அவரே பதில் சொல்வது 620ஆவது குறளில். இடையில் எட்டு மாதம்! அதுவரை மனுஷன் என்ன செய்வான்?

ஆகவே 60 முதல் 63 வரை உள்ள நாலு அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை, இடுக்கண் அழியாமை. நாற்பது குறள், நாற்பது நாள், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. இவற்றில் எனக்குப் பிடித்தது, துன்பமே வராது என்று எங்கும் சொல்லாததுதான். 628ஆம் குறள் 'இடும்பை இயல்பு', துன்பம் இயற்கைதான் என்றே பேசுகிறது. 624இல் வண்டிமாடு வருகிறது. வழி அடைபட்ட இடத்திலெல்லாம் முட்டி இழுத்துப் போகிற அந்த எருதைப் போன்றவனுக்கு வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகும். 2024 ஜனவரியில் பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தோடு போனதைப் பார்த்தவருக்கு 'எல்லாம் நன்மைக்கே' எரிச்சலைத்தான் தரும். எருது அப்படி இல்லை.

பிள்ளைகளுக்குக் குறள் கொஞ்சம் கனம். அவர்களுக்குப் பாரதியின் புதிய ஆத்திசூடி. மொத்தம் 110 வரி, பெரும்பாலும் ரெண்டு மூன்று சொல், அகர வரிசை. 'அச்சம் தவிர்', 'தோல்வியிற் கலங்கேல்', 'நேர்படப் பேசு'. ஆரம்பப் பள்ளித் தமிழே போதும், ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறுவதற்குள் ஒரு வரி மனப்பாடமாகிவிடும். நாட்காட்டி ராசிபலனுக்கும் அதில் பதில் உண்டு: 'சோதிடந்தனை இகழ்'. குறை என்னவென்றால், எல்லாமே கட்டளை. ஏற்கெனவே துவண்டு கிடக்கும் பெரியவரிடம் போய் 'அச்சம் தவிர்' என்றால் அதட்டுவது போல இருக்கும். எப்படித் தவிர்ப்பது என்று அந்த ஒற்றை வரியில் சொல்ல இடமும் இல்லை.

எனக்குக் குறள்தான் முதலில், பிள்ளைகளுக்குப் பாரதி. நாட்காட்டி விரத நாள் பார்க்க இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அத்தைக்கு ஒரு பதில் வணக்கம் போதும்.

குறள் புத்தகம் வாங்கும்போது சொல் பிரித்து அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். செய்யுள் ஓசைக்கு ஏற்பச் சீர் பிரித்த பதிப்பில் 595ஆவது குறள் 'வெள்ளத் தனைய' என்று நிற்கும். 'தனைய' என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் காலை வேளையில் இலக்கண வகுப்பு எடுக்க வேண்டிவரும். 'வெள்ளத்து அனைய' என்று இருந்தால் பாதி பொருள் தானே விளங்கும்.