ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி: தருமபுரியில் பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எனக்கு இளவயதிலிருந்தே கிட்டப்பார்வை உண்டு. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்தும் சேர்ந்துகொள்ள, இரண்டுக்கும் ஒரே கண்ணாடியாக ப்ரோக்ரெஸிவ் லென்ஸுக்கு மாறினேன். பல ஆண்டுகளாக அதையேதான் அணிந்து வருகிறேன். தருமபுரியில் கணக்கு எழுதும் வேலை என்பதால் பேரேடும் கணினித் திரையும் எப்போதும் கண்முன் இருக்கும்; பாலக்கோடு, பென்னாகரம் என்று இரு சக்கர வாகனத்தில் அலைச்சலும் உண்டு. இந்த லென்ஸ் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் அதன் விலையையோ கம்பெனிப் பெயரையோ பொறுத்ததன்று, அளவெடுப்பவரின் கையைப் பொறுத்தது என்பதே இத்தனை நாள் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இந்த லென்ஸின் மேற்பகுதியில் தூரப் பவர் இருக்கும். கீழே இறங்க இறங்கப் பவர் சிறிது சிறிதாகக் கூடி, அடிப்பகுதியில் படிப்பதற்கான பவராக முடியும். மருத்துவர் தரும் சீட்டில் ‘ஆட்’ என்று எழுதியிருப்பது இந்தக் கூடுதலைத்தான். ஆட் +2.00 என்றால், கண் தன் பங்குக்கு எதுவும் செய்யாவிட்டாலும் 50 செ.மீ. தூரத்தில் உள்ள எழுத்து தெளிவாகத் தெரியும். 1959-இல் பிரான்ஸில் வாரிலக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இன்றுவரை இந்த வகை லென்ஸுக்கு ஒரு குறை உண்டு: கீழ்ப்புற ஓரங்கள் இரண்டும் கலங்கலாகவே இருக்கும். விலை உயர்ந்த லென்ஸில் அந்தக் கலங்கல் குறையுமே தவிர, அறவே நீங்காது. அதனால் பக்கவாட்டில் உள்ளதைப் பார்க்கக் கண்ணை ஓட்டாமல் முகத்தையே திருப்ப வேண்டியிருக்கிறது. படிக்கட்டில் இறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து, லென்ஸின் மேற்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓரிரு வாரங்களில் இது பழகிவிடும். பழகவே இல்லை என்றால் பழி பெரும்பாலும் கண்ணுடையதன்று, அளவுடையது.

நான் முதலில் போன கடையில் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள மொத்தத் தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டதோடு வேலையை முடித்துவிட்டார்கள். அந்தக் கண்ணாடியில் படிக்கும் இடத்தைத் தேடித் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அடுத்த முறை லென்ஸ் போட்டுத் தந்த கடைக்காரர் வேறு மாதிரி. முதலில் சட்டத்தை என் மூக்குக்கும் காதுக்கும் பொருந்தும்படி வளைத்துச் சரிசெய்தார். பிறகு எனக்கு நேர் எதிரே, தன் கண்மட்டமும் என் கண்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி உட்கார்ந்துகொண்டு, “சார், தலையைத் தூக்காதீங்க, சாதாரணமா எப்படி உக்காருவீங்களோ அப்படியே என்னைப் பாருங்க” என்று சொல்லி, சட்டத்தோடு வந்த மாதிரிக் கண்ணாடியின் மேலேயே பேனாவால் இரண்டு கண்மணிகளின் இடத்தையும் குறித்தார். மூக்கின் நடுவிலிருந்து வலக்கண்ணுக்கு எவ்வளவு, இடக்கண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அளந்தார். பலருக்கும் இந்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருப்பதில்லை. சட்டத்தைச் சரிசெய்யும் முன்பே கண்மணியின் உயரத்தைக் குறிக்கும் கடையாக இருந்தால், அங்கே ப்ரோக்ரெஸிவ் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வாங்கிய பிறகு நாமே சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ப்ரோக்ரெஸிவ் லென்ஸிலும் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும்; காதுப் பக்கத்துக் குறியின் கீழே ஆட் எண் இருக்கும். லென்ஸில் மூச்சை ஊதி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அவை தெரியும். இரண்டு லென்ஸ்களிலும் இந்தக் குறிகளை இணைக்கும் கோடு சாய்வாக இருந்தால், லென்ஸ் சுழன்று பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இப்போது அடிக்கடி கண்ணில் படும் ஒடுக்கமான வடிவங்களில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். லென்ஸின் உயரம் 30 மி.மீ. அளவிலாவது இருக்கும் சட்டத்தையே நான் எடுக்கிறேன். காதுக்கம்பியின் உட்புறத்தில் 52, 18, 140 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்கள் முறையே லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கம்பியின் நீளம். பழைய சட்டம் முகத்துக்குப் பொருந்தியிருந்தால் அதே எண்களைச் சொல்லிக் கேட்பது சுலபம். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு அதிகம் வளையாத, மெல்லிய கம்பி நல்லது. உலோகச் சட்டத்தில் மூக்குத் தாங்கியைச் சுற்றிப் பச்சை படிவது, உலோகக் கலவையில் உள்ள செம்பு வியர்வையோடு சேர்வதால் வருவது; தாங்கியை மட்டும் மாற்றினால் போதும், சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

லென்ஸில் எதற்குப் பணம் கொடுக்கலாம்? எதிரொளி தடுக்கும் பூச்சுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பூச்சில்லாத சாதாரண லென்ஸின் இரு பரப்புகளிலும் சேர்த்து ஏறக்குறைய 8 விழுக்காடு ஒளி எதிரொளித்துவிடும். இரவில் தொப்பூர்க் கணவாயில் எதிரே வரிசையாக வரும் லாரிகளின் விளக்கொளியில் வண்டி ஓட்டியவருக்கு, பூச்சுள்ள லென்ஸுக்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ பூச்சுக்கு மட்டும் நான் கூடுதலாகக் கொடுப்பதில்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை, குறுகிய காலப் பயன்பாட்டில் அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. குறைந்த பவர் உள்ளவர்களுக்கு ஒளிவிலகல் எண் 1.67 போன்ற மெல்லிய லென்ஸும் தேவையில்லை. வண்டி ஓட்டுபவர்களும் குழந்தைகளும் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டை எடுக்கலாம். ஓரங்களில் லேசாக நிறம் பிரிந்து தெரியும் என்பது அதன் குறை.

பராமரிப்பில் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். அதில் கழுவி உலரவிட்டால் லென்ஸில் வெண்புள்ளிகள் படிந்து, பிறகு எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை. ஃபுளோரைடு பாதிப்பிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைக் காக்க 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருக்குழாயிலும் வருகிறது. அதில் ஒரு சொம்பு பிடித்துக் கண்ணாடிக்கு வைத்துக்கொள்கிறேன். வீட்டில் இதைக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். முதலில் நீரை ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளியை விரல்நுனியால் பூசி, மறுபடி அலசி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தால், அதில் ஒட்டியிருக்கும் மணல்துகளே கீறிவிடும். சித்திரை வெயிலில் பெட்ரோல் டேங்க் பையிலோ காரின் முன்கண்ணாடி அருகிலோ வைத்தால், சூட்டில் லென்ஸ் விரியும் அளவுக்கு மேலே உள்ள பூச்சு விரியாமல் நுண்ணிய வெடிப்புகள் விழும். அப்படி வெடித்த லென்ஸைச் சரிசெய்ய வழியில்லை.

கணினிக்கு ப்ரோக்ரெஸிவ் ஒத்துவரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரை 60 செ.மீ. அளவு தூரத்தில் கண்ணுக்கு நேராக இருக்கிறது. லென்ஸில் அந்தத் தூரத்துக்கான பவரோ நடுவில், குறுகலான பட்டையாக இருக்கிறது. மோவாயைத் தூக்கியே நாள் முழுவதும் வேலை செய்ய யாராலும் முடியாது. திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பார்த்தேன், பாதிப் பலன்தான் கிடைத்தது. இப்போது அந்தத் தூரத்துக்கு மட்டும் பவர் போட்ட சாதாரணக் கண்ணாடி ஒன்று அலுவலக மேசையிலேயே இருக்கிறது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதைக் கண் பரிசோதனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். க்ளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியோ மங்கலோ இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்றுகொண்டே போகும். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தெளிவாகப் படிப்பவருக்கும் அது இருக்கலாம். நாற்பதுக்கு மேல் கண்ணழுத்தமும் விழித்திரையும் மருத்துவர் கையால் பார்க்கப்பட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் இதற்குக் கட்டணம் இல்லை. சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். அவர்கள் புதிய கண்ணாடி வாங்குவதையும் சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்தில் உள்ளவை மங்கும். அன்றைக்கு வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு பஸ்ஸில் போய்வாருங்கள்.