ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் ப்ளூ-ரே செட்: கூட்டமா பாக்கறவங்க முதல் ரெண்டு சீசனை ஸ்கிப் பண்ணாதீங்க

விண்வெளி கப்பல் ஒண்ணுல நடக்கற ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீரியலை பாக்கணும், எங்கருந்து ஆரம்பிக்கலாம்னு யார் கேட்டாலும் ரசிகர்கள் எல்லாரும் மனப்பாடமா ஒப்பிக்கிற பதில் ஒண்ணுதான், "மூணாவது சீசன்ல ஆரம்பிங்க, முதல் ரெண்டும் குப்பை". தனியா உக்காந்து பாக்கறவங்களுக்கு அது சரியான யோசனைதான், நான் மறுக்கல. ஆனா நாலஞ்சு பேரு சேந்து பாக்கறீங்கன்னா, ஒவ்வொரு எபிசோடும் முடிஞ்சதும் சண்டை போடப்போறீங்கன்னா, தயவு செஞ்சு அந்த பேச்சை கேக்காதீங்க. நாங்க முழு செட்டையும் பைலட்ல (முதல் எபிசோட்) இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணு விடாம பாத்தோம், எனக்கு மறுபடி போட்டு பாக்க தோணுறதுல பாதி அந்த "குப்பை"லதான் இருக்கு.

செட்டை பத்தி முதல்ல. 1987 செப்டம்பர்ல இருந்து 1994 மே வரைக்கும் அமெரிக்காவுல ஓடுன சீரியல், ஏழு சீசன், 178 எபிசோட், நாப்பது சொச்சம் டிஸ்க். ஸ்ட்ரீமிங்ல கெடைக்குதே இதுக்கு எதுக்கு டிஸ்க்குனு கேக்கறவங்களுக்கு பதில் கீழ வருது.

எங்க கூட்டம் யாருன்னா, நான், என் ஸ்கூல் ஃப்ரெண்டு, அவன் வைஃப் (வக்கீல், எனக்கு அக்கா மாதிரி), ஈபி-ல இருந்து விஆர்எஸ் வாங்குன என் சித்தப்பா, காலேஜ் படிக்கற அக்கா பையன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சித்தப்பா வீட்டு ஹால். ஒரே ஒரு ரூல்தான், எபிசோட் முடிஞ்சதும் யாரும் வாயை தொறக்கக்கூடாது, பத்துக்கு எத்தனை மார்க்குனு ஆளாளுக்கு துண்டுச்சீட்டுல எழுதி மடிச்சு குடுத்த அப்புறம்தான் பேச்சு. இது இல்லன்னா சித்தப்பா முதல்ல பேசிடுவார், மத்தவங்க எல்லாம் அவர் சொன்ன மார்க்குக்கு பக்கத்துலயே எழுதுவாங்க. ரீவாட்ச் பண்ற எல்லாருக்கும் இதை சிபாரிசு பண்றேன், நோட்டுல எழுதி வச்ச மார்க்கை இப்ப பொரட்டுனா எபிசோடை விட அதுதான் சுவாரசியமா இருக்கு.

சரி படத்தோட குவாலிட்டி. இதுல பின்னாடி ஒரு கதை இருக்கு, தெரிஞ்சா நீங்க குடுக்கற காசுக்கு ஒரு அர்த்தம் வரும். இந்த சீரியலை ஷூட் பண்ணது 35 எம்எம் ஃபிலிம்ல, ஆனா எடிட்டிங்கும் ஸ்பெஷல் எஃபெக்ட்டும் எல்லாம் வீடியோ டேப்புல. அதனால முடிஞ்ச எபிசோடுனு ஃபிலிம்ல ஒண்ணு கிடையவே கிடையாது, இருந்தது அந்த காலத்து டிவி தரத்துல இருந்த டேப்பு மட்டும்தான், டிவிடி எல்லாம் அதுலருந்து வந்ததுதான், முகம் எல்லாம் மெழுகு மாதிரி இருக்கும். ப்ளூ-ரேக்கு என்ன பண்ணாங்கன்னா குடோன்ல இருந்த ஒரிஜினல் நெகடிவை தேடி எடுத்து, ஸ்கேன் பண்ணி, பழைய டேப்பை பாத்து ஷாட் ஷாட்டா திரும்ப எடிட் பண்ணி, கப்பல் காட்சியை எல்லாம் மறுபடி ஒண்ணு சேத்தாங்க, இதைத்தான் ரிமாஸ்டர்ங்கறாங்க. 2012-ல முதல் சீசன் வந்துச்சு, 2014 கடைசிலதான் ஏழாவது. பைலட் எபிசோடுக்காக செஞ்ச ஆறடி கப்பல் மாடலை ஃபிலிம்லதான் புடிச்சிருந்தாங்க, அதனால நீங்க பாக்கற எண்டர்ப்ரைஸ் (கதைல வர்ற கப்பலோட பேர்) கம்ப்யூட்டர்ல வரைஞ்சது இல்ல, நெஜமா லைட்டு போட்டு எடுத்த பொம்மை, ஜன்னல் ஜன்னலா எண்ணலாம். கிரகம், லேசர் இதெல்லாம்தான் புதுசா செஞ்சிருக்காங்க, அதுவும் பழசு எப்படி இருந்துச்சோ அந்த ஸ்டைல்லயே.

இவ்ளோ தெளிவுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. பிரிட்ஜுல, அதாவது கப்பலை ஓட்டற அறைல இருக்கற கம்ப்யூட்டர் பேனல் மேல லைட்டு அடிக்காம இருக்க கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டி வச்சிருக்காங்க, அது இப்ப பளிச்சுனு தெரியும். அக்கா பையனுக்கு இதை கண்டுபிடிக்கறதுதான் வேலையே, "மாமா பாஸ் பண்ணுங்க பாஸ் பண்ணுங்க"னு கத்தி எழுந்துபோய் டிவில விரல வச்சு காட்டுவான். என்ஜின் ரூம்ல கப்பலோட குறுக்குவெட்டு படம் ஒண்ணு பெருசா இருக்கும், அதுக்குள்ள ஒரு வாத்தும் ஒரு எலியும் வரைஞ்சு வச்சிருக்காங்க, செட்டுல வேலை செஞ்சவங்க பண்ண குசும்பு. அப்புறம் படம் பழைய டிவி மாதிரி சதுரமாதான் வரும், ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கும். இழுத்து அகலமாக்கலியேனு கொறை சொல்லாதீங்க, அகலமாக்குனா ஓரத்துல லைட்டு ஸ்டாண்டு எல்லாம் தெரியும், அப்படியே விட்டது நல்லதுதான்.

இப்ப அந்த பேரு கெட்ட முதல் சீசன். கெட்ட பேருக்கு காரணம் இருக்கு. இந்த உலகத்தை உருவாக்குன ஜீன் ராடன்பரி ஒரு சட்டம் வச்சிருந்தார், 24-ம் நூற்றாண்டுல மனுஷங்க பக்குவப்பட்டுட்டாங்க, கப்பல்ல வேலை செய்யறவங்களுக்குள்ள சண்டை சச்சரவு பொறாமை எதுவும் இருக்கக்கூடாதுனு. எழுதறவனுக்கு இதை விட ஒரு தலைவலி இருக்க முடியுமா? அதனால எல்லாரும் மீட்டிங் ரூம்ல உக்காந்து ரொம்ப மரியாதையா ஒருத்தர ஒருத்தர் ஒத்துக்கறாங்க. சித்தப்பா ஒரு எபிசோட் பாத்துட்டு சொன்னார், "எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு மீட்டிங் இப்படி நடந்திருந்தா நான் விஆர்எஸ்ஸே வாங்கியிருக்க மாட்டேன்டா". ஒரு எபிசோட்ல பூச்செடி மேல தவறி விழுந்ததுக்கு வெஸ்லிங்கற பையனுக்கு மரண தண்டனைங்கறாங்க, அந்த கிரகத்து ஜனங்க எல்லாம் கைக்குட்டை அளவு துணிய கட்டிக்கிட்டு ஜாகிங் போயிட்டே இருக்காங்க. தனியா பாத்தா பத்து நிமிஷத்துல ஆஃப் பண்ணிடுவீங்க. அஞ்சு பேரா பாத்தா வயிறு வலிக்கும்.

எல்லாமே சிரிச்சுட்டு போற ரகம்னு சொல்லமாட்டேன். "கோட் ஆஃப் ஹானர்"னு ஒண்ணு, கறுப்பின மக்கள் மட்டும் வாழற கிரகம், அவங்க தலைவன் வந்து பாதுகாப்பு அதிகாரி டாஷாவை தூக்கிட்டு போறான், அந்த கால சினிமால பழங்குடின்னா எப்படி காட்டுவாங்களோ அப்படியே. நடிச்சவங்களே பின்னாடி இதை நினைச்சா கூச்சமா இருக்குனு வெளிப்படையா சொல்லிட்டாங்க. எங்க நோட்டுல அக்கா பையன் முட்டை போட்டிருக்கான், சித்தப்பா ரெண்டு மார்க், கேட்டா "அது கப்பலுக்கு". ஆனா அதை பாத்ததுக்கு அப்புறம் நடந்த பேச்சு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓடுச்சு, நல்ல எபிசோட் எதுக்கும் அவ்ளோ நேரம் பேசல.

ரெண்டாவது சீசனை தாண்டச் சொல்றவங்க மேலதான் எனக்கு நெஜமாவே கோவம். 1988-ல அமெரிக்காவுல ரைட்டர்ஸ் ஸ்ட்ரைக்கு, அதனால 22 எபிசோட்தான், முதல் கதையே எப்பவோ எடுக்காம விட்ட வேற ஒரு ஸ்டார் ட்ரெக்கோட ஸ்க்ரிப்டை தூசு தட்டி எடுத்தது, கடைசி எபிசோட் பழைய சீனை எல்லாம் வெட்டி ஒட்டுனது, அது மட்டும் வேணா ஸ்கிப் பண்ணிக்கங்க, நானே சொல்றேன். ஆனா நடிகை வூப்பி கோல்ட்பர்க், கப்பல்ல பார் நடத்தற கைனனா வர்றது இதுலதான். சின்ன வயசுல பழைய ஸ்டார் ட்ரெக்ல நடிச்ச கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸை பாத்து வளந்தவங்க, தானே கேட்டு வாங்கிக்கிட்ட ரோல் அது. மத்தவங்களை புடிச்சு பாதி இயந்திரமா மாத்தி தங்களோட சேத்துக்கற போர்க்ங்கற எதிரிக் கூட்டம் மொத மொத வர்றது இதுலதான். எல்லாத்துக்கும் மேல "தி மெஷர் ஆஃப் எ மேன்" இதுலதான்.

அந்த எபிசோடை பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். டேட்டாங்கற இயந்திர மனுஷனை பிரிச்சு போட்டு ஆராய்ச்சி பண்ணனும்னு ஒருத்தன் வர்றான், டேட்டா வேலையை ராஜினாமா பண்றேங்கறான், நீ ஸ்டார்ஃப்ளீட்டோட (இவங்க வேலை செய்யற விண்வெளிப் படை) சொத்து, சொத்து எப்படி ராஜினாமா பண்ணும்னு கேக்கறாங்க. கேஸ் நடக்குது. புது கோர்ட்டு, ஆள் பத்தல, அதனால டேட்டாவோட ஃப்ரெண்டு ரைக்கரே அவனுக்கு எதிரா வாதாடணும், மாட்டேன்னா நேரா டேட்டாவுக்கு எதிரா தீர்ப்பு. வக்கீல் அக்கா ரூலை மீறி நடுவுலயே ஆரம்பிச்சுட்டாங்க, "ஏம்ப்பா எதிர்க்கட்சிக்காரனோட ஃப்ரெண்டை அப்பியர் ஆக சொல்ற ஜட்ஜை என்னன்னு சொல்றது, முதல் வாய்தாலயே இந்த கேஸை மாத்த சொல்லி பெட்டிஷன் போட்டிருப்பேன்"னு. ரைக்கர் டேட்டாவோட கையை கழட்டி மேஜை மேல வைக்கறான், அப்புறம் சுவிட்சை அமுக்கி ஆஃப் பண்றான், டேட்டா அப்படியே முன்னாடி சாயறான். அடுத்து கைனன், டேட்டாவுக்காக வாதாடற கேப்டன் பிக்கார்ட் கிட்ட ஒரு கேள்வி கேக்கறா, இவனை மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சா, யோசிக்காம தூக்கி போடற ஒரு இனமே உருவாகும்ல, அதுக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்கேங்கற மாதிரி. வூப்பி கோல்ட்பர்க் அதை சொல்லும்போது அடிமைங்கற வார்த்தைய அவ வாயால சொல்லல, பிக்கார்டா புரிஞ்சுக்கிட்டு சொல்றான். துண்டுச்சீட்டை பிரிச்சா அக்கா 9. "ப்ரொசீஜர் சுத்த மோசம், ஆர்க்யுமென்ட் கரெக்ட்". இதை எழுதுன மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வக்கீலா இருந்தவங்கதான்னு நான் சொன்னதும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம், ஆனா ஒரு மார்க் ஏத்த மாட்டேன்னுட்டாங்க. இந்த செட்டுல அதோட நீளமான வெர்ஷனும் இருக்கு, சுமார் 57 நிமிஷம், டிவில வராத சீன் எல்லாம் சேத்து. டிஸ்க் வாங்குனதுக்கு முதல் நியாயம் இதுவே.

ரெண்டாவது நியாயம் மூணாவது சீசனோட கடைசி. "பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்" முதல் பாகம் 1990 ஜூன்ல வந்துச்சு, பிக்கார்டை போர்க் தூக்கிட்டு போய் தங்களோட ஆளாவே மாத்திடுறாங்க, ரைக்கர் சுடுன்னு ஆர்டர் போடறான், "தொடரும்". அமெரிக்காவுல ஜனங்க செப்டம்பர் வரைக்கும் காத்திருந்தாங்க. ஸ்ட்ரீமிங்ல பாத்தா அஞ்சு செகண்டுல அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சுடும், அந்த எபிசோடுக்கு செய்யற துரோகம் அது. இதுல ரெண்டாம் பாகம் அடுத்த சீசன் பெட்டில இருக்கு, அந்த பெட்டி என் வீட்டுல, நான் கொண்டு வரல. சித்தப்பா ராத்திரி ஃபோன் பண்ணி "டேய் என்னதான்டா ஆச்சு, அதையாவது சொல்லுடா"னு கெஞ்சுனார், சொல்லல. ரெண்டு பாகத்தையும் ஒட்டி ஒரே படமா தனி ப்ளூ-ரேவும் வந்திருக்கு, அதை வாங்காதீங்க.

அதுக்கப்புறம் வர்ற "ஃபேமிலி"யும் விட்டுடாதீங்க, அந்த கால சீரியல்ல போன வாரம் என்ன நடந்தாலும் இந்த வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும், இங்க கேப்டன் சொந்த ஊருக்கு போய் அண்ணன்கூட திராட்சை தோட்டத்து சேத்துல கட்டிப்புரண்டு அழுவறார்.

மூணு டு ஆறு பத்தி நான் புதுசா சொல்ல எதுவும் இல்ல, எல்லாரும் புகழ்ந்தாச்சு. எழுத்தாளர் குழுவுக்கு தலைவரா மைக்கேல் பில்லர் வந்து வெளியாளுங்க கிட்ட இருந்தும் ஸ்க்ரிப்டு வாங்க ஆரம்பிச்சார், ரொனால்ட் மூர் அப்படி உள்ள வந்தவர்தான், எழுத்து தரம் ஏறிடுச்சு. அஞ்சாவது சீசன்ல "தி இன்னர் லைட்", 1993-ல ஹ்யூகோங்கற அறிவியல் புனைகதை விருது வாங்குனது, ஒரு மனுஷன் (பிக்கார்ட்தான்) இருபத்தஞ்சு நிமிஷத்துல ஒரு முழு ஆயுசை வாழ்ந்து முடிக்கறான். நாலு பேரு பத்துக்கு பத்து. அக்கா பையன் மட்டும் ஆறு. "பேரன் வரைக்கும் பாத்தவன் அடுத்த வாரம் காபி குடிச்சுட்டு டியூட்டிக்கு வர்றான், என்ன மாமா இது"ங்கறான். அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, அந்த ஆயுசுல அவர் வாசிக்க கத்துக்கிட்ட புல்லாங்குழல் மறுபடி கதைக்குள்ள ஒழுங்கா வர்றதுக்கு ஆறாவது சீசன் ஆகுது.

ஏழாவது சீசன்ல எழுதறவங்களுக்கு சரக்கு தீந்துபோச்சு, அது அப்பட்டமா தெரியுது. "சப் ரோசா"னு ஒண்ணு, டாக்டரம்மா பெவர்லியோட பாட்டி வச்சிருந்த மெழுகுவத்திக்குள்ள ஒரு பேய் காதலன், பாட்டியையும் அவன்தான் லவ் பண்ணானாம். முதல் சீசனோட பைத்தியக்காரத்தனம் அப்படியே திரும்ப வந்த மாதிரி, நாங்க ரசிச்சு பாத்தோம். ஆனா கடைசி எபிசோடு பைலட்டோட நேரா கோத்து வருது, மூணாவது சீசன்ல ஆரம்பிச்சவங்களுக்கு அதுல பாதி புரியும் பாதி வெறும் தகவலா போகும்.

எக்ஸ்ட்ராஸ்ல ரெண்டு மட்டும் சொல்றேன். ரெண்டாவது சீசன் செட்டுல நடிகர்கள் எல்லாரும் 25 வருஷம் கழிச்சு ஒண்ணா உக்காந்து பேசறாங்க, ஒருத்தர ஒருத்தர் கலாய்க்கறதுதான் முக்காவாசி. மூணாவது சீசன்ல எழுத்தாளர்களை ஒரு மேஜையை சுத்தி உக்கார வச்சு பேச விட்டிருக்காங்க, அதுல நரேன் சங்கர்னு ஒருத்தர், கார்னெல்ல எஞ்சினியரிங் பிஹெச்டி முடிச்சுட்டு டிவிக்கு எழுத வந்தவர். சண்டையே போடக்கூடாதுங்கற சட்டத்தை வச்சுக்கிட்டு கதை எழுதுன கஷ்டத்தை அவங்க வாயாலயே கேக்கலாம்.

கொறைங்க. ரெண்டாவது சீசன் ரிமாஸ்டர் வேலையை வெளில ஒரு கம்பெனிக்கு குடுத்தாங்க, முதல் சீசனை பாத்துட்டு இதை போட்டா கலரும் கொஞ்சம் மங்கல், எஃபெக்ட்டும் அவ்ளோ சுத்தமா இல்ல. சில ஷாட்டுக்கு நெகடிவ் கெடைக்காம பழைய டேப்பையே பெருசு பண்ணி போட்டிருக்காங்க, ரெண்டு செகண்டு கண்ணாடியை கழட்டுன மாதிரி இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கவனிங்க, 2012-ல வந்த முதல் சீசனோட முதல் பிரிண்ட்ல சில டிஸ்க்குல ஸ்பீக்கர் சேனல் மாறி வரும், அப்பவே மாத்தி குடுத்தாங்க, விக்கறவர் மாத்துன டிஸ்க்கைதான் வச்சிருக்காரான்னு கேட்டுட்டு காசு குடுங்க. தமிழ் சப்டைட்டில் கிடையாது, இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுக்கங்க, டெக்னிக்கல் டயலாக் அப்படியும் யாருக்கும் புரியாது அது பரவால்ல.

பட்ஜெட் கம்மின்னா தனித்தனி சீசனா வாங்குங்க, ரெண்டாவதும் மூணாவதும் நாலாவதும் முதல்ல. நாங்க அடுத்து பாக்கப்போறது இன்னொரு ஸ்டார் ட்ரெக் சீரியல், டீப் ஸ்பேஸ் நைன். இந்த ரிமாஸ்டருக்கு ஆன செலவுக்கு டிஸ்க் விக்கலனு அதை இப்படி பண்ணவே இல்ல, டிவிடிதான், முகம் எல்லாம் மறுபடி மெழுகு. சித்தப்பா இப்பவே துண்டுச்சீட்டு வெட்டி வச்சுட்டார்.