டிரைவருக்கு ரூம் இருக்கா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று மைத்துனர் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் இந்தத் தடவை பயணத் தேதியையே முடிவு செய்தோம். நாங்கள் இருப்பது டொராண்டோவில். வீட்டிலிருந்து நயாகரா ஒன்றரை மணி நேரம். வருகிற விருந்தாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் காட்டி அலுத்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் முடியும், தலையைக் கொடுக்க முடியாது. என் மனைவிக்கோ அருவி என்றால் தலையில் விழ வேண்டும்.

ஜூலை நடுவில் மதுரையில் இறங்கி ஐந்து நாளைக்கு ஒரு கார் எடுத்தோம். ராஜபாளையம் வழியாகக் குற்றாலம், அங்கே இரண்டு ராத்திரி. அப்புறம் பாபநாசம் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு ராத்திரி, திற்பரப்பு பார்த்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு ராத்திரி, மறுநாள் நாற்கரச் சாலையைப் பிடித்து மதுரை. இவ்வளவுதான் திட்டம்.

நானே ஓட்டலாம் என்ற ஆசை இருந்தது. "எதிர்ல வர்றவன் ரூல்ஸ்படி வருவான்னு நம்பி ஓட்டுற ஆள் நீ, பேசாம டிரைவர் வச்சுக்கோ" என்று அக்கா சொன்னதில் ஆசை போய்விட்டது. வாடகைக் கணக்கு இப்படி: கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி, டோலும் பார்க்கிங்கும் தனி. இதில் அந்த 250-ஐக் கவனிக்க வேண்டும். குற்றாலத்தில் வண்டி அநேகமாக நின்றுகொண்டேதான் இருந்தது. கொடுத்தது முழு 250-க்கு. நிற்கிற நாளுக்குத் தனி வாடகை பேசிக்கொள்ளலாமாம். நான் பேசவில்லை. பேட்டா என்பது டிரைவரின் சாப்பாட்டுக்கும் ராத்தங்கலுக்கும் என்று சொன்னார்கள். ராத்திரி அவர் எங்கே தங்குவார் என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கப்பலூர் டோலைத் தாண்டியதும் திருமங்கலத்தில் வலது பக்கம் திரும்பி 744-ஆம் எண் நெடுஞ்சாலை. கேரளா போகிற சாலை என்பதால் லாரிகள் ஓயாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து எல்லாக் கடையும் அசல் கடைதான். பெட்ரோல் பங்க் கழிப்பறைகள் முன்பு நாங்கள் வந்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு தேவலை என்பது என் மனைவியின் தீர்ப்பு. சாவியை மட்டும் கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்குக் குற்றாலம். லாட்ஜ் செயலியில் பதிவு செய்து, பணமும் கட்டியிருந்தோம். வரவேற்பில் இருந்த பையன், "ஆதார் கொடுங்க அண்ணாச்சி" என்றான். கனடா பாஸ்போர்ட்டையும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டையையும் நீட்டினேன். அவன் முகம் மாறியது.

"ஆதார் இல்லையா?"

"இல்லையேப்பா."

"பழைய லைசன்ஸ், ஓட்டர் ஐடி, எதாவது?"

எதுவும் இல்லை. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் ஆன்லைனில் பதிய வேண்டும், அதற்கு எங்களிடம் லாகின் கிடையாது, நாளைக்கு போலீஸ் வந்து கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றான். சாவி கிடைக்கவில்லை. பணம் ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது.

பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அதை இணையத்தில் பதிந்தாக வேண்டும். சி-ஃபார்ம் என்பார்கள். ஓசிஐ வைத்திருப்பவர்களும் அதில் அடக்கம். ஆயுள் முழுக்க விசா கேட்காமல் வந்து போகலாம்தான், ஆனால் லாட்ஜ் வாசலில் நாம் அயல்நாட்டார். பெரிய நகரத்து ஹோட்டல்களுக்கு இது தினசரி வேலை. சீசனுக்கு மட்டும் நிரம்புகிற சின்ன லாட்ஜ்களுக்கு இது தலைவலி. பாதிப் பேர் அந்தக் கணக்கையே தொடங்கியிருக்க மாட்டார்கள். அதனால் முன்பதிவு செய்யும்போதே போன் போட்டு, "சி-ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். செயலியில் பச்சை டிக் விழுந்ததை நம்ப வேண்டாம்.

சீசன் சனிக்கிழமை, எங்கே போனாலும் ரூம் இல்லை. இருந்த இடங்களில் வாரநாள் வாடகையைப் போல மூன்று மடங்கு. ஐந்தாவதாக ஏறிய பழைய லாட்ஜில் பனியனோடு ஒரு பெரியவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர் பதறவே இல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.

"குடியுரிமை கனடா... பிறந்த ஊரு ராஜபாளையம். ராஜபாளையமா? எந்தத் தெரு?"

சொன்னேன்.

"சரிதான். அடுத்தது, இந்தியாவுக்கு என்ன சோலியா வந்தியன்னு கேக்கான். குளிக்கன்னு போட்டுரட்டா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் அன்றைய எரிச்சல் பாதி குறைந்தது. சுற்றுலா என்று போட்டார். கீசர் வேலை செய்யவில்லை, பக்கெட்டில் வெந்நீர் வந்தது. படுக்கை விரிப்பு சுத்தம். எனக்கு அது போதும்.

காலையில் டீ குடிக்க இறங்கியபோது கார்க் கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. டிரைவர் தம்பி முன்சீட்டைச் சாய்த்து அதில் சுருண்டிருந்தார். வெளியே சாரல் என்பதால் கண்ணாடியை இறக்க முடியவில்லை, கொஞ்சம் இறக்கினால் கொசு. "பழகிருச்சு சார்" என்றார். பழகியவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சாவியைத் திருகியதைப் பார்த்ததும் என் மனைவி காரை விட்டு இறங்கிவிட்டாள். "தம்பி, எங்க ரூம்ல போய்த் தூங்குங்க. நாங்க ஆட்டோல போய்க்கிறோம்." அவர் கூச்சப்பட்டார், பெரியவர் தள்ளாத குறையாக மாடிக்கு அனுப்பி வைத்தார்.

ஷேர் ஆட்டோவில் ஐந்தருவி. விடிந்தும் விடியாத நேரமாக இருந்ததால் நின்று நிதானமாகக் குளிக்க முடிந்தது. எட்டு மணிக்கு மேல் வேன்கள் வந்து இறங்கத் தொடங்கினால் அப்புறம் தண்ணீருக்கு அடியில் ஒரு தோள் நுழைக்கவே சண்டை போட வேண்டும்.

பேரருவிக்குப் பத்து மணிக்குப் போனோம். மலையிலிருந்து நேராகத் தலையில் விழாமல், இடையில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிவதால்தான் அதன் அடியில் மனிதர்கள் நிற்கவே முடிகிறது. இல்லையென்றால் எலும்பு மிஞ்சாது. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் மேலே மழை பெய்ததோ என்னவோ, தண்ணீர் லேசாகச் செம்மண் நிறத்துக்கு மாறியது. உடனே விசில். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டையும் காவலர்கள் சில நிமிடத்தில் காலி செய்துவிட்டார்கள். "தண்ணி நல்லாத்தானே விழுது" என்று ஒருவர் முரண்டு பிடித்தார். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போனது நினைவிருப்பவர்கள் முரண்டு பிடிக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். இந்தப் பயணத்தில் முழு மதிப்பெண் கொடுக்கிற சேவை என்றால் அந்த விசில்தான்.

உடை மாற்றும் அறை வேறு கதை. எந்த அருவி என்று சொல்லப் போவதில்லை. காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்களாம். சுவரில் ஓர் ஆணி கூட இல்லை, தாழ்ப்பாள் இல்லை, தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். பல்லால் கைப்பையைக் கடித்துக்கொண்டு புடவை மாற்றியதாக என் மனைவி சொன்னாள். அருவிக்குப் போகிற பெண்கள் கட்டாயம் ஒரு கொடிக்கயிறு கொண்டுபோக வேண்டுமாம், அவள் சொல்லி எழுதுகிறேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சுக்குக்காப்பிக் கடை, மங்குஸ்தான் விற்கிற தள்ளுவண்டி, எல்லா இடத்திலும் கியூஆர் அட்டை. கனடா போன் எண்ணோடும் என்ஆர்ஈ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கிற கணக்கு) யூபிஐ-யில் சேர்க்கலாம் என்று 2023-லிருந்தே அனுமதி இருக்கிறது. அனுமதி வேறு, எஸ்எம்எஸ் போய்ச் சேர்வது வேறு. மூன்று நாள் முயன்றேன், பதிவாகவில்லை. நூறு ரூபாய் மங்குஸ்தானுக்கு ஐந்நூறை நீட்டினால், "ஜிபே இல்லையா?" என்று ஏதோ செல்லாத நோட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். கடைசியில் டிரைவர் தம்பி ஜிபே செய்வார், நான் அவருக்கு ரொக்கமாகக் கொடுப்பேன் என்று ஏற்பாடானது. கேட்காமலே ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தார்.

அன்று ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டா. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லை போய்விட்டது, பார்டர் என்ற பெயர் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். முதல் நாள் டிரைவர் தம்பி தனியாகப் போய்ச் சாப்பிட்டிருந்தார். லாட்ஜ் பெரியவர் அவருக்கு மாடி ஹாலில் ஒரு பாய் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மறுநாள் பாபநாசம். அகத்தியர் அருவி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடியில் வனத்துறையினர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கிறார்கள். எங்களிடமிருந்த பிஸ்கெட் உறை கூடக் கணக்கில் வந்தது. எனக்கு அதில் குறையே இல்லை. வருடம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி, கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள், குற்றாலத்து நெரிசல் கிடையாது. எங்கள் இருவருக்கும் பிடித்தது இதுதான். கீழே கோயில் படித்துறையில்தான் மனசு கெட்டது. பரிகாரம் என்று ஆற்றோடு விட்ட வேட்டி, புடவை, சட்டை எல்லாம் கல்லிடுக்கில் மாட்டிக் கிடந்தன. தாமிரபரணியில் கால் வைத்தால் காலைச் சுற்றுவது யாருடைய துணி என்று தெரியாது.

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் தங்கியது புதுக் கட்டடம். சி-ஃபார்ம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, கீசர் ஓடியது, லிஃப்ட் இருந்தது. இப்போது நானும் தேறிவிட்டேனே, சாவி வாங்கும் முன்பே "டிரைவருக்கு ரூம் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்களில் ஓட்டுநர்கள் தூங்க இடமும் கழிப்பறையும் கட்டாயம் என்று சொல்லியிருக்கிறது. எனக்கு இதைச் சொன்னவர் டிரைவர் தம்பிதான். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்பக்கம் போனபோது காரணம் தெரிந்தது. கதவில் 'டிரைவர் ரூம்' என்று அழகாகப் பலகை. உள்ளே கூரை வரை பழைய மெத்தை, உடைந்த நாற்காலி, ஒரு கிறிஸ்துமஸ் மரம். மேலாளரிடம் சண்டை போட்டேன். "சீசன் முடிஞ்சதும் காலி பண்ணிருவோம் சார்" என்றார். இன்னொரு ரூம் கேட்டால் நிரம்பிவிட்டதாம். தம்பி மறுபடியும் காரில்.

நாலாம் நாள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்று காரையே ஓரமாகத் தள்ளியது, காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்றின. வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தோம். டீ சாக்கு, அவர் கண் சிவந்திருந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்தோம். 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரோடு ஒட்டி நடப்பது எனக்குத் தலை சுற்றியது, அவளுக்கு இல்லை. திற்பரப்பு அருவி, கோதையாற்றில் சிறிய உயரத்திலிருந்து அகலமாக விழுகிறது. பயமில்லாமல் குளிக்கலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் குற்றாலத்தை விட்டுவிட்டு நேராக இங்கேயே வரலாம் என்பேன்.

நாகர்கோவில் ஹோட்டலில் கார் நின்றதும் காவலாளி எங்கள் பெட்டியை எடுக்கும் முன் டிரைவர் தம்பியிடம் போய், "அண்ணே, ரூம் பின்னாடி இருக்கு, குளிக்கதுக்கு வெந்நீர் எட்டு மணி வரைக்கும் வரும்" என்றார். நானும் கூடப் போய்ப் பார்த்தேன். ஆறு கட்டில், ஆறிலும் விரிப்பு, மேலே வேகமாகச் சுற்றுகிற மின்விசிறி, போன் சார்ஜ் போடக் கட்டிலுக்கு ஒரு பிளக். ரூம் கட்டணத்திலேயே சேர்த்தி.

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்புகிற நாளெல்லாம் எங்களுக்கு முன்பாகவே வண்டியைத் துடைத்துவிட்டு நின்றவரைக் காணோம். ஆறே கால் ஆனது. போன் அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, சாத்தியிருந்த அந்தப் பின்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.