மெல்லிசைக் கச்சேரியில் சாம்பிளிங் பேட்: சில வருட அனுபவம்

எங்கள் குழுவுக்கு ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் என்ற சாம்பிளிங் பேட் வந்து சில வருடங்கள் ஆகின்றன. தட்டுவதற்கு 9 பேட், 100 கிட் (எந்தப் பேடில் எந்த ஒலி என்ற தொகுப்பு). நமக்கு வேண்டிய ஒலியை ஏற்றிக் குச்சியால் தட்டினால் போதும். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் இதைத் தூக்காதீர்கள்.

எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. அவற்றை ஆட்களை வைத்தே கொண்டுவந்துவிடலாம். இடையிசையில் வயலின்கள் அடுக்கடுக்காகப் போனால் ஒரு கீபோர்டில் மேல் வரி, இன்னொன்றில் செல்லோ. நடுவில் உள்ளதை கிடாரின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நிரப்பிவிடும். அந்த நடு அடுக்கே தனி மெட்டாக ஓடும் இடங்களும் அவரிடம் உண்டு. அங்கே கிடார்காரர் கார்டை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடிக்க வேண்டும். பாஸ் (கீழ் ஸ்தாயி) வரியில் மட்டும் கை வைக்கவே கூடாது, அதுவே பாதிப் பாட்டு.

1992-இல் ரஹ்மான் வந்த பிறகான பாட்டுகளுக்குத்தான் பேட் இல்லாமல் கை ஓடாது. ஷேக்கர், சின்த், கோரஸ், இன்னதென்று சொல்ல முடியாத ஒரு தட்டு என்று எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். முழு ட்ராக்கையும் ஓடவிடுவது சுலபம். ஆனால் பாடகர் ஒரு சுற்று முந்திச் சரணத்தை எடுத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. அதனால் நான்கு பார் (தாள அளவு), எட்டு பார் துண்டுகளாக வெட்டி, பேடுக்கு ஒன்றாக வைக்கிறோம். வெட்டும்போது முதல் அடிக்கு முன்னால் துளி இடைவெளி விட்டாலும் தாளம் பின்னால் இழுக்கும். க்ளிக் (வேகத்தைக் காட்டும் டிக் டிக் ஒலி) டிரம்மர் காதுக்கு மட்டும்.

பெரிய தலைவலி ஸ்கேல்தான், அதாவது சுருதி. பாடகி "அரைக் கட்டை இறக்கிக்கலாமாண்ணா?" என்று கேட்டால் கீபோர்டில் அதை மாற்ற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ஏற்றிவைத்த கோரஸ் அதோடு சேர்ந்து இறங்காது. அதனால் கோரஸை மட்டும் மூன்று வெவ்வேறு கட்டைகளில் தனித்தனியாக வைத்திருக்கிறேன். ஷேக்கருக்கும் கைதட்டலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அவற்றில் தொடங்கலாம்.

அப்புறம், பதிவில் மெல்லத் தேய்ந்து முடியும் பாட்டுகள். மேடையில் அப்படி முடித்தால் எப்போது கைதட்டுவது என்று கூட்டத்துக்குத் தெரியாது. பல்லவியின் முதல் வரியை மூன்று தரம் பாடி, தபலா தீர்மானத்தோடு (முடிப்பு அடி) நிறுத்திவிடுகிறோம்.

பழைய பேட் வாங்குவதானால் நடுவில் ஓங்கித் தட்டிப் பார்த்தால் போதாது, ஓரங்களில் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். கிட் எல்லாவற்றையும் யுஎஸ்பி-யில் பிரதி எடுத்துக் கீபோர்டு பெட்டியில் போட்டுவையுங்கள்.